சிவிலைசேஷன் ஆட்டத்தை எங்கிருந்து தொடங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி விடுதியில் நண்பன் ஒருவனின் கணினியில் மூன்றாம் பாகத்தை ஆடத் தொடங்கியவன் நான். அன்று முதல் யாராவது ஒருவர் "நானும் ஆடிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்" என்று வருவதும், அதே இருபது சந்தேகங்களைக் கேட்பதும், நான் அதே பதிலைச் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. அலுவலகத்தில் இருவர், சித்தப்பா மகன், பக்கத்து வீட்டுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் என்று கேட்டவர்கள் பலர். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

இது சுடுகிற ஆட்டமா, ஓடுகிற ஆட்டமா?

இரண்டும் இல்லை. தாயம் போல முறை வைத்து ஆடுவது. உங்கள் முறையில் காய்களை நகர்த்துவீர்கள், நகரங்களுக்கு வேலை சொல்வீர்கள், பிறகு முறையை முடிப்பீர்கள். அடுத்து மற்ற நாடுகள் நகரும். நடுவில் எழுந்து போய்ச் சோறு சாப்பிட்டுவிட்டு வந்தாலும் உலகம் அப்படியே காத்திருக்கும். கை வேகம் இங்கே ஒரு பொருட்டே இல்லை.

கி.மு. 4000இல் ஒரு குடியேறிக் கூட்டமும் ஒரு போர்வீரனுமாகத் தொடங்கி, எழுத்து, சக்கரம், அச்சு, நீராவி, ராக்கெட் என்று வளர்ந்து கி.பி. 2050 வரை ஒரு நாட்டை நடத்திச் செல்ல வேண்டும். போர், அறிவியல், பண்பாடு, மதம் என்று எந்த வழியிலும் வெல்லலாம். வரைபடம் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகிறது. சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் வடிவமைத்த முதல் ஆட்டத்தை மைக்ரோபுரோஸ் நிறுவனம் 1991இல் வெளியிட்டது. இன்று அதைத் தயாரிப்பது ஃபிராக்சிஸ்.

ஏழு பாகம் இருக்கிறதாமே, முதலிலிருந்து வரிசையாக ஆட வேண்டுமா?

வேண்டாம். இதில் தொடர்கதை கிடையாது. மூன்றில் இறந்த பாத்திரம் நான்கில் உயிரோடு வருகிறதே என்று குழம்ப இடமில்லை. ஒவ்வொரு பாகமும் அதே ஆட்டத்தைப் புதிதாகச் செய்து பார்ப்பது. பழையதில் மூன்றில் ஒரு பங்கை அப்படியே வைப்பது, ஒரு பங்கை மெருகேற்றுவது, ஒரு பங்கைப் புதிதாகக் கொண்டுவருவது என்பது அவர்களே சொல்லும் கணக்கு.

வருடங்கள் வேண்டுமென்றால்: முதலாவது 1991, இரண்டு 1996, மூன்று 2001, நான்கு 2005, ஐந்து 2010, ஆறு 2016, ஏழு 2025. நடுவே விண்வெளிக்குப் போனவை, கைப்பேசிக்கென்று சுருக்கியவை எனக் கிளை ஆட்டங்களும் உண்டு. அவற்றை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

அப்படியென்றால் எதை வாங்குவது? ஒரே பதிலாகச் சொல்லுங்கள்.

ஆறு.

காரணம் சொல்கிறேன். நான்கை இன்றும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. அதன் முகப்பு இசை 2011இல் கிராமி விருது பெற்றது. ஓர் ஆட்டத்துக்காக எழுதிய இசை அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. ஆனால் அதில் ஒரே கட்டத்தில் எத்தனை படைகளையும் அடுக்கலாம். புதியவருக்கு அந்தப் படைக் குவியல் ஒரு தலைவலி. ஐந்தில் சதுரக் கட்டம் போய் அறுகோணக் கட்டம் வந்தது, ஒரு கட்டத்துக்கு ஒரு போர்ப்படை என்ற விதியும் வந்தது. ஆறு அந்த விதியை ஓரளவு தளர்த்தி, நகரத்தையே வரைபடத்தில் பரப்பிவிட்டது. நூலகமும் சந்தையும் துறைமுகமும் கண்ணெதிரே கட்டங்களில் நிற்கும். என்ன நடக்கிறது என்பது பார்த்தாலே புரியும். வெளியாகிப் பல ஆண்டுகள் ஆனதால் பிழைகள் குறைவு, தள்ளுபடி அதிகம்.

ஏழுதானே புதியது? புதியதை விட்டுவிட்டுப் பழையதை ஏன் வாங்க வேண்டும்?

ஏழு மோசம் என்று சொல்லவில்லை. அது வரிசையின் அடிப்படை வழக்கம் ஒன்றை மாற்றிவிட்டது. முன்பெல்லாம் ரோமாகத் தொடங்கினால் ரோமாகவே முடிப்பீர்கள். ஏழில் ஆட்டம் பழங்காலம், கடலோடும் காலம், நவீன காலம் என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு காலம் முடியும்போதும் வேறொரு நாகரிகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதியோடுதான் அது வெளியானது. தலைவர் மட்டும் மாறுவதில்லை. வெளியானபோது பழைய ஆட்டக்காரர்களிடம் இதற்கு வரவேற்பும் வசவும் கலந்தே கிடைத்தன.

நான் கேட்டுக்கொள்வதெல்லாம், எதை மாற்றினார்கள் என்பது தெரிந்துகொண்டு அதற்குள் போங்கள் என்பதுதான். ஆறில் நான்கைந்து ஆட்டம் ஆடியபின் ஏழு சுவையாக இருக்கும். சோழர்களுக்காகவே ஏழு வேண்டும் என்பவர்களுக்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

என்னுடையது பழைய லேப்டாப். ஓடுமா?

ஆறுக்குக் கேட்கப்படும் குறைந்தபட்ச ரேம் 4 ஜிபி. 8 இருந்தால் நிம்மதி. தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாவிட்டாலும் படத்தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடும். அப்படியும் திணறினால் தட்டையான வரைபடக் காட்சி ஒன்று இருக்கிறது. மலையும் காடும் குறிகளாகத் தெரியும். அழகு குறைவு, ஆனால் விசிறி அலறாது.

ஆட்டத்தின் பிற்பகுதியில் முறைக்கு முறை காத்திருக்கும் நேரம் கூடும். எல்லா நாடுகளும் யோசித்து முடிக்க வேண்டுமல்லவா? சிறிய வரைபடம் எடுத்தால் இந்தத் தொல்லை பாதியாகும். ஆறு ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் போன்ற கருவிகளிலும்கூட வந்திருக்கிறது. கைப்பேசித் திரையில் எழுத்து எறும்பு போல இருக்கும், சொல்லிவிட்டேன்.

காசு கொடுக்காமல் ஆடிப் பார்க்க வழி உண்டா?

உண்டு, அதுவும் நேர்மையான வழி. ஃப்ரீசிவ் என்ற ஆட்டம் டென்மார்க் மாணவர்கள் தொடங்கியது. 1996இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. விதிகள் முதல் இரண்டு பாகங்களைப் போல இருக்கும். ஆண்ட்ராய்டு ஃபோன் மட்டும் கையில் இருப்பவர்கள் அன்சிவ் என்பதைப் போட்டுக்கொள்ளலாம். ஐந்தாம் பாகத்தின் விதிகளை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்ட திறமூல ஆட்டம் அது. படங்கள் எளிமையானவை, பழைய ஃபோனிலும் ஓடும். இந்த வகை ஆட்டம் உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள அதுவே போதும்.

ஆறுக்கு இத்தனை கூடுதல் தொகுப்புகளா? எல்லாம் சேர்த்துப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

முதலில் அடிப்படை ஆட்டம் மட்டும் போதும். இரண்டு ஆட்டம் ஆடியபின் 'ரைஸ் அண்ட் ஃபால்' (2018), 'கேதரிங் ஸ்டார்ம்' (2019) இரண்டையும் சேருங்கள். முன்னது நகரங்களின் விசுவாசத்தைக் கொண்டுவருகிறது: அண்டை நாட்டு நெருக்கத்தில் தனியாகக் கிடக்கும் உங்கள் நகரம் கை மாறிப் போகலாம். பின்னதில் வெள்ளம், எரிமலை, கடல்மட்ட உயர்வு எல்லாம் உண்டு. ஆற்றோரத்தில் ஆசை ஆசையாக வைத்த வயல் வெள்ளத்தில் போய், மறுபடி அதே மண் வண்டல் ஏறி முன்னைவிட வளமாவதைப் பார்க்கலாம்.

மற்றவை புதிய நாடுகளும் தலைவர்களும் விருப்ப விளையாட்டு முறைகளும். தள்ளுபடி நாளில் மொத்தத் தொகுப்பாக வாங்குவது பல நேரம் தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு. வாங்கினாலும் தொடக்கத் திரையில் அவற்றை அணைத்து வைக்க முடியும்.

முதல் ஆட்டத்துக்கு எந்த நாடு, எந்த வரைபடம், எந்தக் கடின நிலை?

ரோம். புதிதாக அமைக்கும் நகரத்தில் நினைவுச்சின்னம் ஒன்று தானாகவே வந்துவிடும், தலைநகருக்குச் சாலையும் போட்டுக் கொடுத்துவிடும். புதியவர் மறக்கும் இரண்டு விஷயங்கள் அவை. வரைபடம் ஒரே பெரிய நிலப்பரப்பாக இருக்கும் பாஞ்ஜியா, எதிரிகள் மூவர், வேகம் நிலையானது. அந்த வேகத்தில் மொத்தம் 500 முறைகள். 250 முறையில் முடியும் ஆன்லைன் வேகம் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் அதில் படை எதிரி நகரத்தை அடைவதற்குள் ஆயுதமே பழசாகிவிடும்.

கடின நிலைகள் எட்டு. நான்காவதான பிரின்ஸ்தான் சமநிலை. அதற்கு ஒரு படி கீழே வார்லார்டில் தொடங்குங்கள். எல்லாவற்றுக்கும் கீழான செட்லர் நிலை வேண்டாம். அதில் என்ன தப்புச் செய்தாலும் தண்டனை வராது, எனவே எதுவும் மனதில் தங்காது.

தொடங்கிவிட்டேன் அண்ணா. முதல் நகரத்தை எங்கே வைப்பது?

இதைக் கேட்காமல் ஆரம்பித்து, கடலைப் பார்த்து அழகாக இருக்கிறதென்று அங்கே வைத்தவன் நான். தண்ணீரைப் பாருங்கள். ஆறு, ஏரி போன்ற நன்னீரை ஒட்டி வைத்தால் நகரம் ஐந்து அளவு வீட்டு வசதியுடன் தொடங்கும். கடற்கரை என்றால் மூன்று, தண்ணீரே இல்லையென்றால் இரண்டு. மக்கள்தொகை அந்த எண்ணை நெருங்கும்போதே வளர்ச்சி மந்தமாகிவிடும். தொடக்கத்தில் இந்த வேறுபாடு மிகப் பெரியது.

அடுத்து மேடு. நகரம் நிற்கும் கட்டம் சாதாரணமாக இரண்டு உணவும் ஓர் உற்பத்தியும் தரும். புல்வெளி வகைக் குன்றில் அல்லாமல் சமவெளி வகைக் குன்றின் மேல் வைத்தால் இரண்டு உணவு, இரண்டு உற்பத்தி. ஒன்றுதானே என்று தோன்றும். தலைநகர் மொத்தமே நான்கைந்து உற்பத்தி செய்யும் காலத்தில் அந்த ஒன்று ஒவ்வொரு முறையும் வந்துகொண்டிருக்கிறது. முதல் கவண் வீரனும் இரண்டாம் நகரத்துக்கான குடியேறிகளும் அதற்கேற்ப முன்னதாக வெளியே வருவார்கள். ஆற்றோரச் சமவெளிக் குன்று கண்ணில் பட்டால் ஒரு முறை நடந்து போயாவது அங்கே வையுங்கள். இதைவிட நல்ல இடம் வருமா என்று ஐந்து முறை அலையாதீர்கள். எதிரிகள் அதற்குள் நகரம் கட்டிவிட்டிருப்பார்கள்.

இருபதாவது முறையில் எங்கிருந்தோ குதிரைக் கூட்டம் வந்து எல்லாவற்றையும் கொள்ளையடித்தது. நான் என்ன தப்புச் செய்தேன்?

கொஞ்சம் முன்னால் ஒற்றை ஆள் ஒருவன் உங்கள் எல்லைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தானே, நினைவிருக்கிறதா? அவன் காட்டுமிராண்டி முகாமின் ஒற்றன். உங்கள் நகரத்தைப் பார்த்த நொடியில் அவன் தலைக்கு மேல் சிவப்பாக ஓர் ஆச்சரியக்குறி தோன்றும். அடுத்த முறையிலிருந்து அவன் ஒரே திசையில் திரும்பி ஓடுவான். அவன் முகாமைச் சேர்ந்துவிட்டால் படை கிளம்பும். முகாம் குதிரைகள் உள்ள இடத்துக்கு அருகே இருந்தால் வருவது குதிரைப்படை. நீங்கள் பார்த்தது அதைத்தான்.

அதனால் முதல் போர்வீரனை ஊர் சுற்ற அனுப்பிவிட்டு நகரத்தை வெறுமனே விடாதீர்கள். நான் முதலில் செய்வது ஓர் ஒற்றன், அடுத்து ஒரு கவண் வீரன், அதன் பிறகே குடியேறிகள். ஆச்சரியக்குறியோடு ஓடுகிறவனைத் துரத்தி வழியிலேயே முடித்துவிட்டால் படையெடுப்பே கிடையாது. கவண் வீரன் கையால் ஒரு காய் விழுந்தால் இன்னொரு லாபம், வில்வித்தை ஆராய்ச்சியில் கணிசமான பங்கு இலவசமாகக் கிடைக்கும். ஆட்டத்தில் இந்த மாதிரித் தூண்டுதல்களுக்கு யுரேகா என்று பெயர். ஆராய்ச்சிப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன செய்தால் கிடைக்கும் என்று எழுதியிருக்கும். புதியவர்கள் அதைப் படிப்பதே இல்லை.

டிஸ்ட்ரிக்ட் எங்கே வைத்தாலும் அப்புறம் தப்பாகத் தோன்றுகிறதே?

எல்லோருக்கும் அப்படித்தான். டிஸ்ட்ரிக்ட் என்பது வரைபடத்தில் தனிக் கட்டத்தில் நிற்கும் நகரத்தின் ஒரு பகுதி. மூன்று விஷயம் மட்டும் நினைவில் வையுங்கள். கல்வி வளாகம் மலையை ஒட்டி (ஒரு மலைக்கு ஓர் அறிவியல் புள்ளி), வணிக மையம் ஆற்றை ஒட்டி, நாடக அரங்கு அதிசயக் கட்டடங்களை ஒட்டி. மற்றவை ஆடும்போது தானாகப் பழகும்.

நகரத்தின் மக்கள்தொகை 1, 4, 7, 10 ஆகும்போதுதான் ஒவ்வொன்றாக இடம் திறக்கும். ஆகவே எல்லா நகரத்திலும் எல்லாம் கட்ட நினைக்காதீர்கள். நாள் ஆக ஆகக் கட்டுமானச் செலவு ஏறும், ஆனால் இடத்தைக் குறித்து வேலையைத் தொடங்கிவிட்டால் அன்றைய விலை அப்படியே நிற்கும். அஸ்திவாரம் போட்டு வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகலாம். நம் ஊரில் மனை வாங்கிப் போடுவது போலத்தான்.

நான் யாரையும் தொடவே இல்லை, ஏன் எல்லோரும் என்னை வெறுக்கிறார்கள்?

ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு குணம் உண்டு. கிளியோபாட்ராவுக்குப் படைபலம் உள்ளவர்களைப் பிடிக்கும், சோப்ளாங்கிகளைப் பிடிக்காது. நார்வேயின் ஹரால்டுக்குக் கப்பற்படை வேண்டும். சீனத்தின் சின் ஷி ஹுவாங் அதிசயங்களைத் தானே கட்ட நினைப்பவர். நீங்கள் இரண்டு கட்டினால் முகம் சுளிப்பார். ரோமின் டிராஜனுக்குச் சின்ன நாடு என்றாலே இளக்காரம். எனவே "நான் ஒன்றும் செய்யவில்லை" என்பதே சிலர் கண்ணில் குற்றம்.

புதிதாக ஒருவரைச் சந்தித்த அதே முறையில் 25 பொன் கொடுத்துத் தூதுக்குழு அனுப்பிவிடுங்கள். உங்களைப் பற்றி அவர் ஒரு முடிவுக்கு வருவதற்கு முன்பே என்பதால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார். நாலு முறை கழித்து அனுப்பினால் அதே தூதுக்குழுவைத் திருப்பி அனுப்புவார்.

காந்தி அணுகுண்டு போடுவாராமே, அது பிழையால் வந்ததா?

பிழை என்ற கதை பொய். முதல் பாகத்தில் காந்தியின் மூர்க்க எண் 1 என்றும், மக்களாட்சிக்கு மாறியதும் அதிலிருந்து 2 கழிந்து எண் தலைகீழாகி 255 ஆனது என்றும் பல வருடங்கள் எல்லோரும் நம்பினோம். நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! அப்படி ஒரு பிழையே இருக்கவில்லை என்று சிட் மையர் 2020இல் வெளியான தன் நினைவுக் குறிப்பில் மறுத்துவிட்டார்.

ஆனால் ஐந்தாம் பாகத்தில் வடிவமைப்பாளர் ஜான் ஷேஃபர் வேண்டுமென்றே ஒரு குறும்பு செய்தார். அணுஆயுத விருப்பம் மற்றவர்களுக்குப் பத்துக்குள் இருக்க, காந்திக்கு மட்டும் 12. வதந்தியை விளையாட்டாக மெய்யாக்கியது அதுதான்.

கணினி ஏமாற்றுகிறதா? என்னைவிட இரண்டு மடங்கு நகரம் வைத்திருக்கிறதே!

நீங்கள் பிரின்ஸுக்கு மேலே ஆடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கிருந்து மேலே போகப் போகக் கணினியின் மூளை வளர்வதில்லை, கையில் கொடுக்கும் சலுகைதான் வளர்கிறது. உச்ச நிலையான டீயிட்டியில் உங்களுக்கு ஒரு குடியேறிக் கூட்டம் என்றால் அதற்கு மூன்று. இது ஒளிவுமறைவான ஏமாற்று அல்ல, விதி. கடல்போரில் அது இன்னும் தடுமாறும், முற்றுகையில் சொதப்பும். அந்த ஓட்டைகளைக் கண்டுபிடிப்பதுதான் மேல் நிலைகளின் சுவாரசியம். எனக்கு அதில் பெரிய ஆசை இல்லை. நான்காம் ஐந்தாம் நிலையிலேயே பல வருடமாக மகிழ்ச்சியாக இருக்கிறேன்.

நானும் தம்பியும் ஒரே கணினியில் ஆடலாமா?

ஆறில் ஆடலாம். ஒருவர் முறை முடிந்ததும் மற்றவர் நாற்காலிக்கு வருவார். அவர் ஆடும்போது திரையைப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் நீங்கள் இருவரும் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஏழில் சோழர்கள் இருக்கிறார்களாமே, எப்படி இருக்கிறது?

இருக்கிறார்கள், நடுவிலுள்ள கடலோடும் காலத்தில். 1025இல் ராஜேந்திரனின் படை ஸ்ரீவிஜயம் வரை கடல் தாண்டிப் போனதை நினைத்தால் பொருத்தமான இடம்தான். அவர்களுக்கே உரிய கப்பலின் பெயர் கலம். அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்று இரண்டு கட்டடங்கள். பழைய வணிகக் குழுக்களின் இந்தப் பெயர்களைக் கல்வெட்டுப் பாடத்துக்கு வெளியே நான் பார்த்தது இதுவே முதல் முறை. இரண்டையும் ஒரே இடத்தில் கட்டினால் ஐந்நூற்றுவர் பெயரில் ஒரு வட்டாரம் உருவாகும். அதிசயங்களின் வரிசையில் தஞ்சைப் பெரிய கோயிலும் உண்டு.

குறை சொல்வதானால், ஆட்டம் வெளியானபோது தலைவர்கள் பட்டியலில் சோழ மன்னர் எவரும் இல்லை. தலைவரும் நாகரிகமும் தனித்தனி என்பதால் அசோகரோ பெஞ்சமின் ஃபிராங்க்ளினோ சோழ நாட்டை ஆளலாம். முதல் முறை சிரித்தேன், மூன்றாம் முறை பழகிவிட்டது. பழங்காலத்தில் மௌரியராகத் தொடங்கினால் சோழராக மாறும் வழி திறக்கும்.

பையனுக்கு இதனால் வரலாறு வருமா சார்?

கேட்டவர் நான் முதலில் சொன்ன ஆசிரியர். ஆர்வம் வரும், வரலாறு தானாக வராது. கி.மு. 4000இல் காந்தியும் கிளியோபாட்ராவும் கைகுலுக்கும் ஆட்டம் இது. எல்லா நாடுகளும் ஒரே ஏணியில் ஏறுகின்றன, நிலத்தை நிரப்புவதே முன்னேற்றம் என்று அது எடுத்துக்கொள்கிறது. 2018இல் ஆறாம் பாகத்தில் கனடாவின் கிரீ மக்களின் தலைவர் பவுண்ட்மேக்கரைச் சேர்த்தபோது, அவருடைய சமூகத்தின் பிரதிநிதி ஒருவரே இது காலனியச் சிந்தனையை வளர்க்கிறது என்று வெளிப்படையாகக் குறை சொன்னார். நான் மேலே தயக்கமின்றி எழுதிய 'காட்டுமிராண்டி' என்ற சொல்லையே ஏழாம் பாகம் கைவிட்டுவிட்டது.

ஆனாலும் ஆட்டத்துக்குள்ளேயே ஒரு சிறு கலைக்களஞ்சியம் இருக்கிறது. இந்தியாவுக்குப் படிக்கிணறு ஏன் கொடுத்தார்கள், கண்டி ஏன் மதம் சார்ந்த நகர அரசு ஆனது என்று பையன் கேட்டால் அங்கிருந்து தொடங்கலாம். எல்லாம் ஆங்கிலத்தில்தான், தமிழ் இடைமுகம் இல்லை. நடுத்தர ஆங்கிலம் போதும்.

முந்நூறாவது முறையில் அலுத்துவிடுகிறது. முடிக்காமல் விட்டால் தப்பா?

தப்பே இல்லை. வெற்றி உறுதியானபின் நாற்பது நகரத்துக்கு வேலை சொல்வது எழுத்தர் வேலைபோல ஆகிவிடும். பெரும்பாலானோர் ஆட்டத்தை முடிப்பதில்லை என்பதை ஃபிராக்சிஸே சொல்லி, ஏழாம் பாகத்தை மூன்று காலங்களாக வெட்டியதற்கு அதையும் ஒரு காரணமாகக் காட்டியது. நான் தொடங்கியவற்றில் முடித்தது நாலில் ஒன்று இருந்தால் அதிகம். தொடக்க நூறு முறைகளே தேன். அது வேண்டுமென்றால் புதிய ஆட்டம் போடுங்கள்.

இன்னும் ஒரே ஒரு முறை என்று ஆடி விடியற்காலை மூன்று மணி ஆகிவிடுகிறது. என்ன செய்வது?

இது நோய் அல்ல, வடிவமைப்பு. அடுத்த முறை ஓர் ஆராய்ச்சி முடியும், அதற்கடுத்த முறை ஒரு கட்டடம் முடியும், அது முடிவதற்குள் கப்பல் ஏதோ கரையைத் தொடும். எல்லாம் ஒரே நேரத்தில் முடிகிற முறை என்று ஒன்று வரவே வராது. வென்று முடித்தபின் வரும் திரையில்கூட "இன்னும் ஒரே ஒரு முறை" என்று ஒரு பொத்தானை வைத்திருக்கும் ஆட்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

ஆறில் திரையின் மேல் மூலையில் கடிகாரம் உண்டு, அதை அணைக்காதீர்கள். "பத்து முறை ஆடிவிட்டு எழுவேன்" என்று எண்ணிக்கை வைப்பது பயனில்லை; போர் நடக்கும் பத்து முறைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். போர் அறிவிக்கப் போகிறீர்களா? அதற்கு முந்தைய முறையில் சேமித்துவிட்டு எழுந்து போங்கள். நான் அப்படி எழுந்த ஒரே இரவில், படுக்கையில் கிடந்தபடி யானைப்படையை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று யோசித்து மூன்று மணி ஆக்கினேன். ஆனால் மறுநாள் அந்தப் போரில் வென்றேன்.